முதியோருக்கு மருந்து தவறாமல் கிடைக்க



குடும்ப நலம் என்றதும் உங்களில் பலருக்குக் கர்ப்பிணிப் பராமரிப்பும், குழந்தைக்குத் தடுப்பூசியும், பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளியும்தான் நினைவுக்கு வரும். அவை முக்கியமானவைதான். ஆனால் புருஷன், பெண்சாதி, பிள்ளை மட்டுமே குடும்பம் ஆகிவிடாது. திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் ஐயாவும், அடுப்படி ஓரம் உட்கார்ந்து கீரை ஆயும் அப்பத்தாவும் அதே குடும்பம்தான். அவர்கள் நலமாக இருந்தால்தான் நீங்கள் நிம்மதியாக வயலுக்கோ வேலைக்கோ போக முடியும்.

முன்பு ஒரு வீட்டில் ஐந்து, ஆறு பிள்ளைகள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பெற்றோரைப் பார்த்துக்கொண்டார். இன்று பெரும்பாலான வீடுகளில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள். அதிலும் ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். சிறு குடும்பத்தால் நாம் பெற்ற நன்மைகள் ஏராளம். ஆனால் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது இரண்டே பேர் தோளில் விழுகிறது. அந்த இரண்டு பேர் நீங்கள்தான். ஆகவேதான் இந்தப் பாடம் உங்களுக்கு.

மருந்து இலவசம், வழி இலவசம் இல்லை

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி இரண்டும் காய்ச்சல் மாதிரி வந்து போகிற நோய்கள் அல்ல. ஒருமுறை வந்தால் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் பல பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபத்தைந்து வயது பெரியவர். முழங்கால் வலி, கண்ணில் புரை. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஒரு கல் தூரம். காலையில் வரும் ஒரே பஸ்ஸைப் பிடித்துப் போய், சீட்டு எழுதி, வரிசையில் நின்று, மருந்து வாங்கி, திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தனியாக அனுப்ப முடியாது. கூடப் போகும் மகனுக்கோ மருமகளுக்கோ ஒரு நாள் கூலி போயிற்று. நடவு, அறுப்புச் சமயத்தில் கூலியை விட்டுவிட்டு யார் போவது? "அடுத்த வாரம் போயிக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அந்த அடுத்த வாரம் அடுத்த மாதம் ஆகிவிடுகிறது.

பெரியவர்களும் வாய் திறந்து கேட்பதில்லை. "பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு?" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாத்திரையை நான்கு நாளைக்கு ஒட்டுகிறார்கள். தலை சுற்றினால் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். கொதிப்பு ஏறியிருந்தாலும் உடம்பு வெளியே காட்டாது. ஒருநாள் விடியற்காலை ஒரு கை, ஒரு கால் விழுந்து, வாய் கோணிப் போகும்போதுதான் வீடே விழித்துக்கொள்கிறது. ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தப் போய், வருடக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வேண்டிய நிலை வருகிறது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. கிராமம் கிராமமாகப் போய் வருகிற எங்களைப் போன்ற ஊழியர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது.

வீடு தேடி வந்த மருத்துவம்

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று நம் மாநிலத்தில் படிப்படியாக முயற்சி நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெற முடியும்.

முதல் படி, மருந்து இருப்பில் இருப்பது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் உள்ள அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டங்களில் உள்ள கிடங்குகள் வழியாக அனுப்புவது இதன் வேலை. பின்னால் வேறு மாநிலங்களும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் இதுபோன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன.

இரண்டாம் படி, நோயைத் தேடிக் கண்டுபிடிப்பது. 2007 வாக்கில் நம் பக்கத்து மாவட்டமான சிவகங்கையிலும், விருதுநகரிலும், இரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் மாதிரித் திட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு எதற்காக வந்தாலும் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்ப்பது அப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது. 2012 முதல் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

மூன்றாம் படிதான் இன்றைய பாடத்தின் மையம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். கொரோனாக் காலத்தில் பஸ் ஓடாமல், வெளியே போகப் பயந்து, எத்தனையோ பெரியவர்கள் மாத்திரை இல்லாமல் தவித்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வந்த திட்டம் இது. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, மாத்திரை நோயாளியின் வீட்டைத் தேடி வருவதுதான் இதன் சாரம். தொற்றா நோய்களைத் தடுக்கும் பணிக்காக ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கூட்டுப் பணிக்குழு வழங்கும் விருது 2024ஆம் ஆண்டு இத்திட்டத்திற்குக் கிடைத்தது.

யார் யார் வருவார்கள்?

1. பெண் சுகாதாரத் தன்னார்வலர். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்டவர். பெரும்பாலும் உங்கள் ஊரோ பக்கத்து ஊரோதான். வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார். ஏற்கனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரை கொண்டுவந்து தருவார். 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டில் மருந்து தருவது திட்டத்தின் ஏற்பாடு.

2. நோய்த்தணிப்புச் செவிலியர். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் துடைத்துக் கட்டுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வலியைக் குறைப்பது இவர் வேலை.

3. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டு இறுகிப் போனவர்களுக்கும் வீட்டிலேயே பயிற்சி தருவார்.

செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் வேலை செய்கிறார்கள். ஆகவே அவர்கள் வீடு வீடாக வரமாட்டார்கள். தேவைப்படும் வீட்டின் பெயர் பட்டியலில் இருந்தால்தான் வருவார்கள். பட்டியலில் பெயரைச் சேர்ப்பது உங்கள் வேலை.

பட்டியலில் பெயர் சேர்ப்பது எப்படி?

இது மிகவும் சுலபம். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். உங்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட அதே செவிலியர்தான். அவரிடம் போய், "எங்க மாமனாருக்குக் கொதிப்பு இருக்கு, நடக்க முடியல, வீட்டுக்கு மாத்திரை வேணும்" என்று சொன்னால் போதும். அவர் தன்னார்வலரிடம் சொல்லிவிடுவார்.

முதல் தடவை மட்டும் பெரியவரை எப்படியாவது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அல்லது நடமாடும் மருத்துவக் குழு உங்கள் ஊருக்கு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று காட்டுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று முடிவு செய்வது டாக்டர். தன்னார்வலர் அதைக் கொண்டுவந்து தருகிறவர். இதை மறக்கக் கூடாது. தன்னார்வலரிடம், "அம்மாவுக்கு மூட்டு வலியும் இருக்கு, அதுக்கும் ஏதாச்சும் ஒண்ணு குடுங்க" என்று நச்சரிக்காதீர்கள். அவர் தரக் கூடாது, நீங்கள் வாங்கவும் கூடாது.

டாக்டர் எழுதித் தரும் சிகிச்சை நோட்டைப் பத்திரமாக வையுங்கள். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை வைத்திருக்கும் அதே பையில் வைத்தால் தேட வேண்டியிருக்காது. டாக்டர் சொல்லும் தவணையில் மறுபடி காட்டிக் கொள்ளுங்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறதே என்று டாக்டரையே பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. கொதிப்பு கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், சிறுநீரகம் களைத்திருக்கலாம். சோதனை செய்தால்தானே தெரியும்?

பென்ஷன்காரருக்கும் உண்டா?

இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் அடிக்கடி வருகிறது. ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர், கிராம உதவியாளர் எல்லோரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேச்சு எப்படி நடக்கிறது, கேளுங்கள்.

"வாத்தியாரய்யா, இருக்கீகளா? மாத்திரை கொண்டாந்திருக்கேன்."

"வாம்மா. எனக்கு எதுக்குத் தாயி? நான் பென்ஷன்காரன். இல்லாதவுகளுக்குக் குடு."

"ஐயா, நாங்க வீட்டைப் பாத்தா குடுக்குறோம்? நோயைப் பாத்துக் குடுக்குறோம். கொதிப்புக்கு பென்ஷன்காரன், கூலிக்காரன்னு தெரியுமா?"

"தர்மாஸ்பத்திரி மாத்திரை கேக்குமாம்மா?"

"நம்ம பிள்ளைகளுக்கு அரசாங்கத் தடுப்பூசிதானே போட்டோம்? அது கேட்டுச்சுல்ல? அதே மாதிரிதான் ஐயா இதுவும்."

அப்போது மருமகள் உள்ளிருந்து சொல்கிறார்: "மாமா, மாசம் பொறந்தா மருந்துக்கடைக்கு நீங்க குடுக்குற காசு பென்ஷன்ல எவ்வளவு போகுதுன்னு உங்களுக்கே தெரியும். வாங்கி வைங்க மாமா."

இந்த மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்துக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீடு முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவுகிறது. தினம் சாப்பிடும் மாத்திரைச் செலவு பெரும்பாலும் கைக்காசுதான். கௌரவம் பார்த்து அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு, முடியாத மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவது யாருக்கும் கௌரவம் அல்ல. வரிப் பணத்தில் வாங்கிய மருந்து. அவரும் வரி கட்டியவர்தான். உரிமையோடு வாங்கிக்கொள்ளலாம்.

அரசாங்க மாத்திரை பலமில்லாதது என்ற எண்ணமும் தவறு. மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துகள் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்கப்பட்ட பிறகுதான் விநியோகத்துக்கு வருகின்றன. பளபளப்பான அட்டை இல்லை, அவ்வளவுதான்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்: ஜாக்கிரதை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மூலப் பெயர் உண்டு. கம்பெனி வைக்கும் விற்பனைப் பெயர் வேறு. மெட்ஃபார்மின் என்பது சர்க்கரைக்கான மருந்தின் மூலப் பெயர். கடையில் அதையே கிளைகோமெட் என்ற பெயரிலும் வேறு பல பெயர்களிலும் விற்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்.

இதனால் என்ன ஆபத்து? பெரியவர் ஏற்கனவே டவுனில் தனியார் டாக்டரிடம் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். தன்னார்வலர் வேறு மாத்திரை தருகிறார். நிறம் வேறு, அட்டை வேறு. "இது வேற மருந்து போலருக்கு" என்று இரண்டையும் விழுங்கிவிடுகிறார். மருந்து இரட்டிப்பாகிவிடுகிறது. கொதிப்பு மாத்திரை இரட்டித்தால் எழுந்து நிற்கும்போது மயங்கி விழலாம். சர்க்கரை மாத்திரை இரட்டித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி நினைவு தப்பலாம். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்தத் துன்பம் சொல்லி முடியாது.

ஆகவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துப் பொடி இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். "இதுல எது வேணும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். அவர் ஒதுக்கியதை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி வாய்க்குள் போய்விடும்.

சுகாதார நிலையத்தில் இல்லாத மருந்து என்றால்?

சில பெரியவர்களுக்கு இருதயம், நரம்பு, தைராய்டு என்று வேறு மருந்துகளும் தேவைப்படும். எல்லா மருந்தும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. அப்போது இப்படிச் செய்யுங்கள்.

முதலில், பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்று டாக்டரைக் கேளுங்கள். வட்டத் தலைநகரில் உள்ள அரசு ஆஸ்பத்திரியிலோ, 2017ஆம் ஆண்டு தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ கிடைக்கலாம்.

அங்கும் இல்லாவிட்டால், மூலப் பெயரில் மருந்து விற்கும் மலிவுக் கடைகள் இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24ஆம் தேதி 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவற்றில் பல மருந்துகள் கம்பெனிப் பெயர் மருந்துகளைவிட மிகவும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உங்கள் டவுனில் இந்தக் கடை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம், "மூலப் பெயரும் சேத்து எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கடையானாலும் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மாத்திரை அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது என்று அர்த்தம். மூட்டு வலிக்கு என்று கடைக்காரர் தாமாக எடுத்துத் தரும் வலி மாத்திரைகள் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கனவே கொதிப்பும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரை வீடு வந்து சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பெரியவர் வயிற்றுக்குள் வேளாவேளைக்குப் போனால்தான் மீதிப் பாதி முடியும்.

1. இரண்டு துணிப் பைகள் தையுங்கள். ஒன்றில் சூரியன் படம், ஒன்றில் நிலாப் படம். காலை மாத்திரை சூரியப் பையில், இரவு மாத்திரை நிலாப் பையில். எழுத்துத் தெரியாத பெரியவருக்கும், கண் மங்கியவருக்கும் இது உதவும். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள். "அப்பத்தா, நிலாப் பை!" என்று இரவில் ஞாபகப்படுத்தும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

2. சாப்பாட்டோடு சேர்த்துப் பழக்குங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் தர வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், வயிறு கலக்கும். சர்க்கரையை இறக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. விரத நாளில் என்ன செய்வது என்று முன்னதாகவே டாக்டரைக் கேளுங்கள்.

3. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகத் தராதீர்கள். வழக்கமான அளவே போதும்.

4. அடுப்புக்கு மேல் உள்ள பரண், ஜன்னல் ஓரம், ஈரமுள்ள குளியலறை இங்கெல்லாம் மாத்திரை வைக்கக் கூடாது. மூடியுள்ள டப்பாவில், வெயில் படாத இடத்தில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

5. இன்சுலின் ஊசி மருந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும். குளிர்பெட்டி இருந்தால் கதவுத் தட்டில் வைக்கலாம். ஐஸ் உறையும் பகுதியில் வைக்கவே கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண் பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டிக்குள் வைத்து மூடுங்கள். மணலை நாள்தோறும் நனையுங்கள். நம் ஊர்க் கோடையிலும் இது தாங்கும்.

6. அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். படிக்கிற பிள்ளையிடம் காட்டினால் சொல்லிவிடும்.

7. ஒரு வாரத்து மாத்திரை மீதம் இருக்கும்போதே தன்னார்வலருக்குச் சொல்லுங்கள். டப்பா காலியான பிறகு சொன்னால் நடுவில் நாலு நாள் விட்டுப் போகும்.

8. "கொதிப்பு சரியாயிருச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது. கரை இருப்பதால் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நிற்கிறதே என்று யாராவது கரையை வெட்டுவார்களா?

ஆபத்து அடையாளங்கள்

உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறி உயிருக்கே ஆபத்தாகும். 108க்குப் போன் செய்யுங்கள்.

திடீரென்று முகம் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு இழுத்தால் அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துக்கொண்டும், பச்சிலை வைத்துக்கொண்டும் நேரத்தைப் போக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வைத்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

தன்னார்வலர் வரவில்லை என்றால்?

நாங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒரு தன்னார்வலருக்குப் பல குக்கிராமங்கள். அவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும். மழைக்காலத்தில் பாதை உடையும். சில மாதம் மருந்து இருப்பு குறையும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கேட்கலாம், குறையும் சொல்லலாம். முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண் இருக்கிறது. அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். "எங்க தெருவுக்கு ரெண்டு மாசமா மாத்திரை வரல" என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னால் அது பதிவேட்டில் ஏறும். தண்ணீருக்கும் விளக்குக்கும் பேசுகிறோம், மாத்திரைக்கும் பேசலாம்.

இதற்கிடையில் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு தெருவில் ஆறு பெரியவர்கள் இருந்தால் ஆறு வீட்டிலிருந்தும் ஆறு பேர் போக வேண்டாம். முறை வைத்துக்கொண்டு ஒருவர் ஆறு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய் வரட்டும். இப்படி வாங்கிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவ அலுவலரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் உங்கள் முறை வரும். கூலியும் மிச்சம், மாத்திரையும் தவறாது.

முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். 1991ஆம் ஆண்டு இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அன்று கேலி பேசியவர்கள் பிறகு அதே சைக்கிளில் தண்ணீர் வந்து சேர்வதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் பலர் இன்று அப்பத்தாக்கள். அவர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தத் தலைமுறையின் முறை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் உண்டு

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பா அம்மாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் உங்கள் மனைவிதான். ஆனால் அவரைப் பெற்றவர்களும் வேறொரு ஊரில் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? "நீ போயி அத்தைக்கு மருந்து இருக்கான்னு பாத்துட்டு வா, இங்க ரெண்டு நாள் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஊர் செவிலியரிடம் பேசி அவர்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்க வையுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. சோறு, துணி, வீடு இவற்றோடு மருத்துவமும் பராமரிப்பில் அடங்கும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பெற்ற மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கொடுக்கும் மாத்திரையைவிட, "சாப்டீகளா மாமா? மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுக் கொடுக்கும் மாத்திரைதான் தவறாமல் வயிற்றுக்குள் போகும்.

நினைவில் வையுங்கள்

1. பெரியவர் பெயரைப் பட்டியலில் சேருங்கள்.
2. டாக்டர் சொன்ன தவணையில் மறுபரிசோதனை செய்யுங்கள்.
3. எல்லா மாத்திரையையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.
4. ஒரே மருந்தை இரண்டு பெயரில் கொடுக்காதீர்கள்.
5. ஒரு வாரத்து இருப்பு இருக்கும்போதே அடுத்ததைக் கேளுங்கள்.
6. சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.
7. இரு வீட்டுப் பெற்றோரையும் சமமாகப் பாருங்கள்.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எத்தனை மீதம் இருக்கிறது என்று எண்ணுங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தால் அவர் சாப்பிடவில்லை. குறைவாக இருந்தால் கூடுதலாகச் சாப்பிடுகிறார். டப்பா காலியாக இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாகச் செவிலியரைப் பாருங்கள்.

முதியோர் நலமே குடும்ப நலம்!